கத்தோலிக்கப் பள்ளியில் மறைக்கல்வியும் சேவையும்: கடலூர், புதுவைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர், புதுவை வட்டாரத்துக் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் மறைக்கல்வியும் மாணவர் சேவைக் குழுவும் என் பொறுப்பு. பள்ளி திறந்ததும் பெற்றோர் வந்து கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வராந்தாவில் நின்றபடி அரைகுறையாகச் சொல்லும் பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். பள்ளிக்குப் பள்ளி நடைமுறை மாறும், கருத்துகள் என்னுடையவை.

மறைக்கல்வி, நன்னெறி இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு நடப்பது மறைக்கல்வி. பாட்டிமார் இன்றும் அதை 'ஞான உபதேசம்' என்றுதான் சொல்வார்கள். விவிலியம், திருமுழுக்கு போன்ற அருள்சாதனங்கள், செபங்கள், திருச்சபையின் போதனை ஆகியவை அதில் வரும். அதே பாடவேளையில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு: உண்மை, கோபம், நட்பு, கைப்பேசி என்று பேச்சு போகும். தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் முதலில் கடன் கேட்பது இந்தப் பாடவேளையைத்தான். கொடுக்காமல் காப்பதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி.

நாங்கள் கத்தோலிக்கர் அல்லர். பிள்ளையை மதம் மாற்றிவிடுவீர்களா?

நேராகக் கேட்பவர்கள் குறைவு. சுற்றி வளைத்துத்தான் கேட்கிறார்கள். கேட்டுவிடுவதே நல்லது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் எவரையும் அவருடைய சம்மதம் இல்லாமல் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சிறுவர் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையை 30ஆம் பிரிவு தருகிறது. 30ஐ நினைவில் வைத்துக்கொண்டு 28ஐ மறந்துவிட எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை. திருச்சபைச் சட்டமும் வேறு மாதிரி பேசவில்லை: மனச்சான்றுக்கு எதிராக ஒருவரைக் கத்தோலிக்க விசுவாசத்தை ஏற்கும்படி வற்புறுத்துவதற்கு யாருக்கும் எப்போதும் அனுமதி இல்லை என்று அதன் 748ஆம் எண் சொல்கிறது. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும் பிற சமயங்களோடு உள்ள உறவு பற்றிய அறிக்கையையும் ஒரே நாளில், 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்டது. மறைக்கல்வி ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி அன்றாட நடைமுறை. காலைக் கூட்டத்தில் செபம் நடக்கும்போது உங்கள் பிள்ளை அமைதியாக நின்றால் போதும். சிலுவை அடையாளம் போட வேண்டியதில்லை. கல்வியாண்டுத் தொடக்கத் திருப்பலிக்கு வர விருப்பமில்லை என்றால் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் நூலகத்தில் உட்காரலாம். விருப்பப்பட்டு வருகிற பிள்ளைக்கும் நற்கருணை (திருப்பலியில் வழங்கும் அப்பம்) கொடுப்பதில்லை, அது கத்தோலிக்கருக்கு உரியது. ஐயப்பனுக்கு மாலை போட்ட மாணவனும் ரமலான் நோன்பிருக்கும் மாணவியும் சேவைக் குழுவுக்கு வரலாம், தடையில்லை. நோன்பிருக்கும் பிள்ளையை உச்சி வெயிலில் களப்பணிக்கு அழைத்துப் போகாமல் இருக்கும் புத்தி ஆசிரியருக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வில்லியனூர் மாதா கோவில் குளத்தங்கரையில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த மண்ணில் சமயங்கள் எவ்வளவு அருகருகே புழங்குகின்றன என்று தெரியும். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் போற்றிய பெரியநாயகி மாதா தமிழ்ப் பெண்ணின் உடையில்தான் நிற்கிறாள். அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது தமிழாசிரியரையும் உடன் கூட்டிப் போவது என் வழக்கம். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடியவரைப் பற்றி அவர் பேசினால் எல்லாச் சமயப் பிள்ளைகளும் காது கொடுக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பங்கிலேயே மறைக்கல்வி இருக்கிறதே, பள்ளியில் எதற்கு?

புதுநன்மை (முதல்முறை நற்கருணை பெறுவது), உறுதிபூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருள்சாதனம்) இரண்டுக்கும் தயாரிப்பது பங்கின், அதாவது உள்ளூர்க் கோவில் சமூகத்தின், வேலை. புதுநன்மைக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்தும் கடமை முதலில் பெற்றோருக்கு, அடுத்தது பங்குத்தந்தைக்கு என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. பள்ளி துணை நிற்கலாம். பங்கின் இடத்தில் உட்கார முடியாது. 'பள்ளியிலேயே புதுநன்மை கொடுத்துவிடுங்கள், வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது உங்கள் அன்பியம் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) எது என்பதைத்தான்.

பள்ளியில் வேறொரு வசதி உண்டு. பத்துப் பங்குகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பங்கில் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை இங்கே கேட்பார்கள். ஞாயிறு திருப்பலிக்குப் போனதற்குப் பங்குச்சாமியாரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லும் அட்டை முறை சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கையெழுத்து கிடைத்தவுடன் பின்வாசல் வழியாக வெளியேறும் கலையைத்தான் அது கற்றுக்கொடுக்கிறது.

பள்ளிக்குச் சேவை எதற்கு? பாடம் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

இந்த வட்டாரத்தில் பள்ளிகளே சேவையாகத்தான் பிறந்தன. குளூனி சபைக் கன்னியர் புதுச்சேரிக்கு வந்தது 1827இல். பெண் குழந்தைகள் எழுதப் படிக்கப் போவதே அபூர்வமாக இருந்த 1844ஆம் ஆண்டில் அவர்களின் கல்விக்காகத் தந்தை துப்புயி இங்கேயே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அப்படித் தொடங்கிய கல்வி மரபின் நிழலில் படிக்கும் பிள்ளை, தான் படிப்பது தனக்காக மட்டுமே என்று நினைத்துக்கொண்டு வெளியே போனால், மதிப்பெண் பட்டியல் எப்படி இருந்தாலும் நாங்கள் பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர், செஞ்சிலுவை எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், நல்ல அமைப்புகள்தான். எங்கள் பிள்ளைகளில் பலர் இரண்டிலும் இருக்கிறார்கள். வேறுபாடு, செய்கிற வேலையில் இல்லை; அதை எதற்காகச் செய்கிறோம் என்பதில் இருக்கிறது. செயலற்ற விசுவாசம் செத்தது என்று யாக்கோபு திருமுகம் இரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறது. பசித்தவருக்குச் சோறு கொடுத்தது எனக்கே கொடுத்தது என்று மத்தேயு 25இல் இயேசு சொல்கிறார். இவற்றை வகுப்பில் படித்துவிட்டுச் சனிக்கிழமை ஒரு முதியவரின் முன்னால் போய் நிற்கும் மாணவர், திங்கட்கிழமை அதே பகுதியைத் திரும்பப் படிக்கும்போது வேறு ஆளாக இருப்பார். மறைக்கல்வியும் சேவையும் தனித்தனி ஆசிரியரிடம், தனித்தனிப் பதிவேட்டில் இருக்கும் பள்ளிகளில் இது நடப்பதில்லை.

முதியோர் இல்லத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை போய்வருகிறார்களே, போதாதா?

போதாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகள் இறங்குவார்கள். நடனம், பாட்டு, பழம், பிஸ்கட். தலைமையாசிரியர் ஒரு சால்வை போடுவார். ஒரு மணி நேரத்தில் பஸ் கிளம்பிவிடும். அந்த டிசம்பரில் அதே இல்லத்துக்கு இன்னும் நாலைந்து பள்ளிகள் வந்திருக்கும். பார்வையாளராக உட்காரவைக்கப்பட்ட பெரியவர்கள் கைதட்டிக் களைத்திருப்பார்கள். பிப்ரவரியில் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது.

நாங்கள் செய்வது இதுதான். ஐந்தாறு மாணவர் கொண்ட சிறு குழு, ஒரே இல்லம், மாதத்தில் ஒரே கிழமை, ஆண்டு முழுவதும். நிகழ்ச்சி எதுவும் கிடையாது. நாளிதழ் வாசித்துக் காட்டுவது, நகம் வெட்டிவிடுவது, ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது, மகனுக்கு ஒரு போன் போட்டுக் கொடுப்பது, பெரும்பாலும் சும்மா உட்கார்ந்து கதை கேட்பது. முதல் முறை பிள்ளைகளுக்கு என்ன பேசுவதென்றே தெரியாது. மூன்றாம் முறை போனால் 'போன மாதம் கூட வந்த அந்தச் சுருட்டைமுடிப் பெண் எங்கே' என்று பாட்டி விசாரிப்பார். பெயர் தெரிந்த பிறகு செய்வதுதான் சேவை. அதற்கு முன் நடந்ததெல்லாம் விருந்தினர் வருகை.

திரும்பி வந்ததும் அரை மணி நேரம் வட்டமாக உட்கார வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். பெல்ஜியத்து அருட்தந்தை ஜோசப் கார்டைன் உழைக்கும் இளைஞர்களுக்காக வகுத்த 'காண், ஆய்ந்திடு, செயல்படு' என்ற முறையைத்தான் இளம் மாணவர் இயக்கம் என்ற கத்தோலிக்க மாணவர் அமைப்பிலும் பயன்படுத்துகிறோம். திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் எழுதிய சமூகச் சுற்றுமடலில் இதைப் பரிந்துரைத்திருக்கிறார். என்ன பார்த்தாய்? ஏன் அப்படி இருக்கிறது? நற்செய்தி என்ன கேட்கிறது? நாம் என்ன செய்யப் போகிறோம்? ஒரு பாட்டிக்கு முதியோர் ஓய்வூதியம் வரவில்லை என்று தெரிந்தால், பிஸ்கட் பாக்கெட் அதற்குப் பதிலாகாது. மனு எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் பெரியவர்கள் துணையோடு கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பதில். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையால் நல்ல தமிழில் மனு எழுத முடியும். கடிதம் எழுதுதல் பாடத்தில்தான் இருக்கிறதே.

புகைப்படம் எடுக்கலாமா? பள்ளி மலருக்கு வேண்டுமே?

குழந்தைகள் இல்லம் என்றால் பேச்சே இல்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. வாட்ஸ்அப் நிலைத்தகவலுக்கும் இது பொருந்தும். பெரியவர்கள் என்றால் அவர்களைக் கேட்க வேண்டும், இல்ல நிர்வாகியைக் கேட்டால் போதாது. எங்கள் குழுவில் கைப்பேசிகள் ஆசிரியரின் பையில் இருக்கும். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்ற வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, அடுத்த நிமிடம் ஆரஞ்சுப் பழத்தோடு நின்று படம் எடுப்பதைப் பார்த்தும் பேசாமல் இருந்தால் நான் எதற்கு மறைக்கல்வி ஆசிரியர்? பள்ளி மலருக்கு ஒரு மாணவர் நாலு பத்தி எழுதிக் கொடுக்கட்டும்.

புயல், வெள்ளம் வரும்போது மாணவர்களை அனுப்புவீர்களா?

இது கடலூர். கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், அதன் பின்னாலேயே தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று எங்கள் பிள்ளைகளின் குடும்பங்களே பாதிக்கப்பட்டவர்களாக இருப்பார்கள். அதனால் 'நாம் உதவுகிறோம், அவர்கள் பெறுகிறார்கள்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

தண்ணீர் வடிவதற்கு முன் எந்த மாணவரையும் அனுப்புவதில்லை. வடிந்த பிறகும் சேற்று வேலைக்கு மேல்வகுப்பு மாணவர் மட்டும், காலணியும் கையுறையும் அணிந்து. வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் வரும் ஆபத்து உண்மையானது. சிறியவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. நோட்டுப் புத்தகங்களை வெள்ளத்தில் இழந்த வகுப்புத் தோழருக்குப் பாடக் குறிப்புகளை எழுதிக் கொடுப்பது அவற்றில் சிறந்தது என்பேன். செலவில்லாதது, அரையாண்டுத் தேர்வுக்கு முன் அதைவிட அவசரமான உதவி வேறில்லை. எழுதியவருக்கும் பாடம் மனத்தில் நிற்கும்.

பழைய துணி மட்டும் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கடலோரச் சாலைகளில் யாரும் தொடாமல் மழையில் மக்கிக் கிடந்த துணிக்குவியல்களைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. உடுத்தத் தகாததைக் கொடுப்பதற்குப் பெயர் வீட்டைச் சுத்தம் செய்வது.

வேளாங்கண்ணி பாதயாத்திரையைச் சேவையாகக் கணக்கில் எடுப்பீர்களா?

நடப்பது பக்தி, அதைச் சேவைக் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டி, காவி உடையில் கடலூர் வழியாகத் தெற்கே நடக்கும் கூட்டத்துக்குச் செய்ய எவ்வளவோ இருக்கிறது. வழியோர ஊர்களில் எல்லாச் சமயத்தவரும் மோர், தண்ணீர் கொடுக்கிறார்கள். மறுநாள் காலை சாலையோரம் கிடக்கும் நெகிழித் தம்ளர்களைப் பொறுக்கத்தான் ஆள் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வேலை. சாலையில் வாகனம் அதிகம் என்பதால் நெடுஞ்சாலையில் அல்ல, ஊர்களுக்குள் மட்டும்.

சேவை என்று பிள்ளைகளைக் காலனிக்கு அழைத்துப் போகிறீர்களாமே?

இந்தக் கேள்வி தாழ்ந்த குரலில்தான் வரும். கேட்பவர்களில் கத்தோலிக்கரும் உண்டு.

சாதி எங்கள் கோவில்களுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்களைப் பிரித்து நின்ற சுவர் குறித்த சச்சரவை ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் ஆண்டிலேயே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் பேசுபொருள். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்று ஆனது. பின்னர் 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கிறார்கள். மேல்வகுப்பு மறைக்கல்வியில் இதையெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கிறேன். சமூக அறிவியலில் வராததாலேயே இங்கே வர வேண்டும்.

ஆகவே, ஆம், போகிறோம். ஆனால் பழைய துணி கொடுக்கப் போவதில்லை. அங்கே மாலைப் பாடவகுப்பு நடத்தும் பட்டதாரி இளைஞர்களிடம் வேலை கேட்டுப் போகிறோம். அவர்கள் சொல்வதைச் செய்கிறோம். கொடுத்த தேநீரைக் குடிக்கிறோம். நம் பிள்ளைகள் அங்கிருந்து வரும் வகுப்புத் தோழரின் வீட்டைத் தெரிந்துகொள்வதும் அவர் நம் வீட்டுக்கு வருவதும் ஒரே அளவில் நடக்காவிட்டால், இந்தப் போக்குவரத்துக்குச் சேவை என்று பெயர் வைக்க வேண்டாம் என்பேன். வீட்டில் அந்தத் தோழருக்குத் தனித் தம்ளர் எடுத்து வைக்காமல் இருந்தால், மறைக்கல்விக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

எத்தனை சபைகள்! எதில் சேர்ப்பது?

சிறு பிள்ளைகளுக்குப் பாலர் சபை. பிரான்சில் 1843இல் தொடங்கியது; குழந்தைகள் குழந்தைகளுக்கு உதவுவதுதான் அதன் கருத்து. மரியாயின் சேனை 1921இல் டப்ளினில் தொடங்கியது, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இளையோர் பிரிவு உண்டு. வாராந்தரக் கூட்டம், செபமாலை, கொடுத்த பணிக்கு வாய்மொழி அறிக்கை என்று கட்டுக்கோப்பானது. பொருளுதவி செய்வதை அதன் விதி அனுமதிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வின்சென்ட் தே பவுல் சபை அதற்கு நேர்மாறு: வீடு தேடிப் போய் உதவுவது. 1833இல் பாரிசில் அதைத் தொடங்கியபோது பிரடெரிக் ஓசானாமுக்கு 20 வயது, கல்லூரி மாணவர். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு இளம் மாணவர் இயக்கம் பொருந்தும். ஒன்றில் சேர்த்தால் போதும். மூன்றில் பெயர் இருந்து ஒன்றுக்கும் போகாதவர்கள்தான் நிறைய.

ஆண்டுத் தியானத்தில் பாவசங்கீர்த்தனம் கட்டாயமா?

பாவங்களை அறிக்கையிடக் குருவானவர் இருப்பார், வாய்ப்பு இருக்கும். கட்டாயம் கிடையாது. யார் போனார், யார் போகவில்லை என்று ஆசிரியர் குறிப்பெடுக்கக் கூடாது.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ. படிப்பு கெடாதா?

மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம். கெடாது. ஜனவரிக்குப் பிறகு இவ்விரு வகுப்புகளுக்கும் களப்பணி இல்லை.

பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் இல்லாமல் யாரும் பள்ளி வாசலைத் தாண்டுவதில்லை. இரண்டு ஆசிரியராவது உடன் வருவார்கள்; மாணவியர் இருந்தால் ஒருவர் பெண். எந்த இடத்திலும் பிள்ளை ஒரு பெரியவரோடு தனி அறையில் இருக்கக் கூடாது. அந்தப் பெரியவர் குருவானவராக இருந்தாலும், சிஸ்டராக இருந்தாலும், நானாக இருந்தாலும் விதி ஒன்றுதான். தகாதது நடந்தால் பள்ளிக்குள் பேசி முடிப்பது என்பது கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் அளித்தே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் வகுப்புச் சுவரில் எழுதியிருக்கிறதா என்று சேர்க்கையின்போதே பாருங்கள்.

சேவைக்குச் சான்றிதழ் உண்டா?

கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவை என்று கேட்டால் எழுதித் தருகிறோம். ஆண்டுவிழா மேடையில் பரிசாகக் கொடுப்பதில்லை.

என் மகன் பத்தாம் வகுப்பு. கடவுளே இல்லை என்கிறான். கோவிலுக்கு வர மறுக்கிறான். அவனைச் சேவைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவீர்களா?

எதற்கு நீக்க வேண்டும்? இந்த வயதில் இப்படிக் கேட்கும் பிள்ளை பெரும்பாலும் மறைக்கல்வியைக் கவனித்துக் கேட்டவனாகத்தான் இருப்பான். தூங்கியவனுக்குச் சந்தேகம் வராது. காணாமல் நம்ப மாட்டேன் என்ற தோமாவைத் திருத்தூதர் பட்டியலிலிருந்து யாரும் அடித்துவிடவில்லை. மற்றவர்கள் வீட்டில் பேசத் துணியாததை உங்கள் மகன் பேசியிருக்கிறான்; அந்தக் கதவை அடைத்துவிடாதீர்கள். தாத்தா பாட்டி முன்னால் வைத்து வாதாட வேண்டாம். குருத்துவம், சாதி, அறிவியல், துன்பம் என்று அவன் கேட்பதில் எதற்குப் பதில் தெரியாதோ அதைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்த ஒரு குருவானவரிடம் தேநீர் குடிக்க அனுப்புங்கள், அறிவுரைக்கு அல்ல.

சனிக்கிழமை அவன் வரட்டும். அந்த இல்லத்துப் பெரியவர் ஒருவருக்கு நாளிதழ் வாசித்துக் காட்டுவது அவன் பொறுப்பு என்றால் அது அவன் பொறுப்புதான், அவர் காத்திருப்பார். குழு தொடங்கும்போது செபம் சொல்லும் முறை வரிசையில் மட்டும் அவனை விட்டுவிடுவோம். அவனாகக் கேட்டு வந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.